வீட்டுப்பாடச் சுமையும் பள்ளி நிதியும்: ஒரே கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளின் தந்தை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம் மிகுதி என்ற முறையீட்டில் போனது. அடுத்த ஒரு மணி நேரம் பள்ளிக்கு நிதி போதவில்லை என்ற விளக்கத்தில் போனது. இரண்டிலும் எந்த முடிவும் எடுக்காமல் எல்லோரும் சற்றுக் கசப்போடு கலைந்தார்கள். எவ்வளவு வீட்டுப்பாடம் நியாயமானது, பெற்றோர் பணம் திரட்டிக் கொடுப்பது சரியா, அடுத்த கூட்டத்தில் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று அவர் கேட்கிறார். ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் மேசையின் ஒரு பக்கத்திலும், இரு பிள்ளைகளின் பெற்றோராக மறு பக்கத்திலும் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

உங்கள் கூட்டத்தில் இரண்டு பொருள்கள் பேசப்பட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். என் பார்வையில் அங்கே பேசப்பட்டது ஒரே பொருள். வீட்டுப்பாடம் என்பது மாணவரின் மாலை நேரத்தில் செய்யப்பட்டு, ஆசிரியரின் நேரத்தில் திருத்தப்படுகிற வேலை. பள்ளியிடம் உள்ள நிதி என்பது, மிகப் பெரும்பகுதி, ஆசிரியர்களின் நேரத்தை வாங்குவதற்கான பணம். அந்த நேரம் குறையும்போது பாடவேளைக்குள் முடியாத பயிற்சி வீட்டுக்குப் போகிறது. போனது திருத்தப்படாமலே திரும்பி வருகிறது. ஆகவே அடுத்த கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை மணி நேரம்?' என்பதைவிட, 'கொடுக்கப்படும் வேலையை யார், எப்போது பார்க்கிறார்கள்?' என்பதாக இருக்கட்டும்.

இதை ஒரு எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு கணித ஆசிரியருக்கு ஐந்து வகுப்புப் பிரிவுகள், பிரிவுக்கு 35 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 175 நோட்டுகள். ஒரு நோட்டுக்கு மூன்றே நிமிடம் ஒதுக்கினால்கூட ஒரு சுற்றுத் திருத்தத்துக்கு 525 நிமிடம், அதாவது எட்டே முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று நிமிடத்தில் விடை சரியா தவறா என்று பார்க்கலாமே தவிர, மாணவர் எந்தப் படியில் வழி தவறினார் என்று கண்டுபிடித்து இரண்டு வரி எழுத முடியாது. வாரம் மூன்று முறை வீட்டுப்பாடம் கொடுத்தால் திருத்தம் மட்டுமே 26 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பாடம் நடத்துவது, தயாரிப்பு, தேர்வு, பதிவேடு, மேற்பார்வை ஆகியவை அதற்கு அப்பால் நிற்கின்றன. இத்தனை நோட்டுகளையும் ஒழுங்காகத் திருத்த எந்த மனிதராலும் முடியாது. அதனால்தான் 'பார்த்தேன்' என்ற ஒற்றைக் கையொப்பத்தோடு நோட்டு வீடு திரும்புகிறது. பெற்றோர் அதைப் பார்த்து ஆசிரியரின் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிரிவுக்கு 28 பேர் என்றால் அதே சுற்று ஏழு மணி நேரத்தில் முடியும். 45 பேர் என்றால் பதினொன்றே கால் மணி நேரமாகும். வகுப்பின் அளவு நிதி ஒதுக்கீட்டில் தீர்மானமாகிற ஒன்று. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய கூட்டங்களில், பெற்றோரின் குரல் தானாகவே தணிந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இனி எவ்வளவு நியாயம் என்ற கேள்வி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006இல், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் வெளியான வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 7ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகப் பலவீனமாக இருந்தது. அதே நேரத்தில், ஓர் அளவுக்கு மேல் நேரத்தைக் கூட்டுவதால் பயன் கூடுவதில்லை என்பதையும் அவர்கள் சுட்டினார்கள். வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கி வரும் நிமிடங்களே ஓர் இரவுக்கான மொத்த வீட்டுப்பாடம் என்னும் நடைமுறை விதி அங்கே பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன்படி 9ஆம் வகுப்புக்கு ஒன்றரை மணி, 12ஆம் வகுப்புக்கு இரண்டு மணி. இது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் அளவு என்பதைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் 'என் பாடத்துக்கு அரை மணிதானே' என்று நினைத்துக் கொடுக்க, ஆறு பாடங்கள் சேர்ந்து மூன்று மணியாகிவிடுவதுதான் பெரும்பாலான பள்ளிகளில் நடக்கும் சங்கதி. தனித்தனியாகக் கேட்டால் எந்த ஆசிரியரும் தவறு செய்யவில்லை; கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்பதே குறை.

பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா ஆய்வின் 2012ஆம் ஆண்டுச் சுற்றில், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பில், மாணவர் வீட்டுப்பாடத்துக்குச் செலவிட்ட சராசரி நேரம் வாரத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி. ஷாங்காயில் ஏறத்தாழ 14 மணி நேரம். பின்லாந்திலும் தென் கொரியாவிலும் மூன்று மணிக்கும் குறைவு. ஷாங்காய், கொரியா, பின்லாந்து மூன்றுமே அந்தச் சுற்றில் நல்ல தேர்ச்சி காட்டியவை. கொரியாவில் பள்ளிக்கு வெளியே தனிப்பயிற்சி நேரம் மிக அதிகம் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆகவே, 'அந்த நாட்டில் இவ்வளவு செய்கிறார்கள், நாமும் செய்வோம்' என்றோ, 'அந்த நாட்டில் இவ்வளவு குறைவு, நாமும் குறைப்போம்' என்றோ யாராவது எழுந்து பேசினால், அந்த வாதத்தை மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. செர்மானிய ஆய்வாளர் உல்ரிக் டிராட்வைன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப்பாடம் எவ்வளவு அடிக்கடி கொடுக்கப்படுகிறது, மாணவர் எவ்வளவு ஊன்றிச் செய்கிறார், எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்னும் மூன்றையும் பிரித்துப் பார்த்தார். நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பது தேர்ச்சியைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. அடிக்கடி கொடுக்கப்படும் பயிற்சியும் ஊன்றிச் செய்யும் முயற்சியும் பயன் தந்தன. வகுப்பறையில் இருந்தவர்களுக்கு இது வியப்பைத் தராது. இரண்டு மணி நேரம் ஒரு கணக்கோடு போராடும் பிள்ளை பெரும்பாலும் வகுப்பிலேயே அடிப்படையைத் தவறவிட்ட பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு மேலும் பத்துக் கணக்குகள் கொடுப்பது, படிக்கட்டில் ஏற முடியாதவரிடம் மேலும் ஒரு மூட்டையைக் கொடுப்பதற்குச் சமம். அதுபோலவே, முன்பு படித்ததைப் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட நெடுநாள் நினைவில் நிற்கும் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். பத்து நிமிடத்தில் முடியும் ஐந்து கேள்விகள், அவற்றில் இரண்டு சென்ற மாதப் பாடத்திலிருந்து என்று கொடுத்தால், மாணவரின் மாலையும் மிஞ்சும், ஆசிரியரின் திருத்த நேரமும் மிஞ்சும். பாடநூலின் விடைகளை அப்படியே பார்த்து எழுதச் சொல்லும் வீட்டுப்பாடத்துக்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

தூக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. ஒன்பது மணித் தூக்கம், பள்ளியில் ஏழு மணி, பயணத்துக்கு ஒன்றரை மணி, குளியல், சாப்பாடு, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு இரண்டு மணி என்று கழித்தால், ஒரு நாளில் மிஞ்சுவது நாலரை மணி நேரம். விளையாட்டு, நண்பர்கள், இசை, வாசிப்பு, சும்மா இருத்தல் எல்லாம் இந்த நாலரை மணிக்குள் அடங்க வேண்டும். கலிபோர்னியாவில் போட்டி மிகுந்த பத்து உயர்நிலைப் பள்ளிகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி மாணவர் ஓர் இரவுக்கு மூன்று மணிக்கும் சற்று அதிகமான நேரத்தை வீட்டுப்பாடத்துக்குச் செலவிட்டார். அதிக நேரம் செலவிட்டவர்களிடம் படிப்பில் ஈடுபாடும் கூடவே மன அழுத்தமும் உடல்நலக் குறைகளும் அதிகமாகக் காணப்பட்டன. ஈடுபாடு கூடியது என்பதை மறைத்துவிட்டு அழுத்தத்தை மட்டும் எடுத்துப் பேசுவது நேர்மையாகாது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கும் என்பதுதான் பெற்றோரின் உண்மையான சங்கடம்.

ஆகையால் கூட்டத்துக்கு முன்பே ஒரு வேலையைச் செய்யுங்கள்: ஒரு வாரம் மாணவர்களையே நேரக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பாடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், யாராவது உதவினார்களா, கைப்பேசி இடையில் வந்ததா, இவ்வளவு போதும். பெயர் எழுத வேண்டாம். வகுப்பை மட்டும் குறித்தால் போதும், அப்போதுதான் உண்மை வரும். தனிப்பயிற்சி வகுப்பில் கழிந்த நேரத்தைக் கட்டாயம் தனிப் பத்தியில் எழுதச் செய்யுங்கள். பள்ளி கொடுத்த சுமை என்று பெற்றோர் குறிப்பிடும் நேரத்தில் கணிசமான பங்கு தாங்களே பணம் கட்டிச் சேர்த்த பயிற்சியாக இருப்பதுண்டு. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இப்படிக் குறிப்பெடுத்தபோது, வாரம் முழுவதும் சுமை என்ற புகார் உண்மையில் வியாழக்கிழமை இரவின் புகார் என்று தெரிந்தது. எல்லா ஆசிரியர்களும் வெள்ளிக்கிழமையே ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வார இறுதியில் திருத்தலாம் என்பது அவர்களின் எண்ணம். ஒப்படைக்கும் நாள்களைப் பாடவாரியாகப் பிரித்ததில் பாதிப் பிரச்சினை ஒரு பைசா செலவில்லாமல் தீர்ந்தது.

நிதிப் பேச்சுக்கு வருகிறேன். 'நிதி இல்லை' என்று சொல்லப்படும்போது பெற்றோர் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். வரவில் எவ்வளவு பங்கு குறிப்பிட்ட நோக்கத்துக்காகவே வந்தது, எவ்வளவு பங்கைப் பள்ளி தன் விருப்பப்படி செலவிடலாம் என்பது முதலாவது. கட்டடத்துக்கென்று வந்த தொகையைக் கொண்டு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை, அதனால் புதிய கட்டடத்தைப் பார்த்து வீண் சந்தேகம் எழுகிறது. ஆண்டுதோறும் வரும் வரவு எது, ஒருமுறை மட்டும் வந்த வரவு எது என்பது இரண்டாவது. சென்ற மூன்று ஆண்டுகளில் வகுப்பின் அளவும் நிரப்பப்படாத பணியிடங்களும் எப்படி மாறின என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். கூட்டத்தில் திரையில் ஓடும் நாற்பது வரி அட்டவணையை யாரும் படிப்பதில்லை.

பணம் கூடினால் படிப்பு கூடுமா என்பது கல்விப் பொருளியலில் நீண்ட காலமாக நடக்கும் விவாதம். எரிக் ஹனுஷெக் போன்றவர்கள், செலவின் அளவைவிட அது எப்படிச் செலவாகிறது என்பதே முக்கியம் என்று வாதிட்டு வந்தார்கள். கிராபோ ஜாக்சனும் இரு சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் நீதிமன்றத் தீர்ப்புகளால் பள்ளி நிதி உயர்ந்த மாவட்டங்களைப் பின்தொடர்ந்தது. பள்ளிப் படிப்பின் 12 ஆண்டுகளிலும் மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், வளர்ந்த பின் அவர்களின் ஊதியம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது, ஏழைக் குடும்பப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் அதிகமாக இருந்தது. என் அனுபவம் இரு தரப்பையும் ஓரளவு ஆதரிக்கிறது. தொடர்ந்து வரும் பணம் வகுப்பைச் சிறிதாக்கும்போது பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. திடீரென்று வந்த பணம் கருவிகளாக மாறி, பழுதுபார்க்க ஆளில்லாமல் அலமாரியில் தூங்குகிறது.

வீட்டுப்பாடச் சுமையை நேரடியாகக் குறைக்கக்கூடிய செலவு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் தயங்காமல் பள்ளி முடிந்தபின் நடக்கும் மாலைநேரப் படிப்பகத்தைச் சொல்வேன். நூலகம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் முறைவைத்து, அதற்குரிய ஊதியத்தோடு, அங்கே இருக்க வேண்டும். வீட்டில் தனி மேசையோ, அமைதியோ, கேட்டால் சொல்லித்தர ஒருவரோ இல்லாத பிள்ளைகள் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். நாம் 'வீட்டுப்பாடம்' என்று சொல்லும்போது எல்லா வீடும் ஒன்றுபோல் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். சந்தேகம் எழுந்த இடத்திலேயே தீர்ந்தால் இரண்டு மணி நேரப் போராட்டம் இருபது நிமிடமாகும். ஊதியத்தோடு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஆசிரியரின் அர்ப்பணிப்பை நம்பி ஊதியமில்லாமல் தொடங்கிய இத்தகைய ஏற்பாடுகள் ஒரு பருவத்துக்கு மேல் நின்றதை நான் பார்த்ததில்லை, அதற்காக அந்த ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

பெற்றோர் பணம் திரட்டலாமா என்றால், திரட்டலாம், மூன்று எச்சரிக்கைகளோடு. ஒருமுறை திரட்டும் பணத்தை ஆண்டுதோறும் வேண்டியிருக்கும் சம்பளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது; இரண்டாம் ஆண்டில் அந்தப் பணியாளரை வீட்டுக்கு அனுப்பும் துயரம் பள்ளிக்கு வந்து சேரும். கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற பட்டியல் எந்த ஆசிரியர் கண்ணிலும் படக் கூடாது. கொடுக்க இயலாத குடும்பத்தின் பிள்ளை வகுப்பில் தலைகுனியும்படி ஆகிவிட்டால், திரட்டிய தொகை எவ்வளவு பெரியதானாலும் அது நட்டம்தான். கணக்கு தனியாக இருக்க வேண்டும், இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும், ஆண்டு முடிவில் தணிக்கை செய்து எல்லோருக்கும் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, பெற்றோர் கொடுக்கிறார்கள் என்பதையே காரணம் காட்டி, நிதி ஒதுக்க வேண்டியவர்கள் தங்கள் பொறுப்பிலிருந்து நழுவ இடம் தரக் கூடாது. நன்கொடை திரட்டும் அதே மாதத்தில், நிரப்பப்படாத பணியிடங்களை நிரப்பக் கோரும் கடிதமும் பெற்றோர், ஆசிரியர் இரு தரப்பின் கையொப்பத்தோடு போகட்டும்.

வீட்டுப்பாடத்தையே தடை செய்துவிடலாம் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். சீனா 2021இல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வேலையை நிறுத்தி, தொடக்கப்பள்ளியின் மற்ற வகுப்புகளுக்கு 60 நிமிடம், நடுநிலை வகுப்புகளுக்கு 90 நிமிடம் என்று வரம்பு வைத்தது. போலந்து 2024இல் தொடக்கப்பள்ளியின் கீழ்வகுப்புகளில் பெருமளவு நிறுத்தி, மேல்வகுப்புகளில் விருப்பத்துக்கு விட்டது. இரண்டும் சிறு வயதினரையே முதன்மையாகக் கருதியவை. உயர்நிலை வகுப்புகளில் முழுத் தடையை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் அந்த வயதில்தான் உருவாக வேண்டும். மேலும், பள்ளி விலகிக்கொள்ளும் இடத்தைப் பணம் உள்ளவர்கள் தனிப்பயிற்சியால் நிரப்பிக்கொள்வார்கள், மற்றவர்களால் அது முடியாது.

தடையைவிட எளிதில் நிறைவேறக்கூடியவை வேறு உண்டு. வகுப்புக்கு ஒரு பொதுப் பலகை அல்லது பகிர்வுத் தாள் வைத்து, எல்லாப் பாட ஆசிரியர்களும் அன்றைய வேலையை அதில் குறிக்க வேண்டும். அன்றைய மொத்தம் ஒப்புக்கொண்ட வரம்பைத் தொட்டுவிட்டால் அடுத்தவர் மறுநாளைக்குத் தள்ள வேண்டும். வரம்பு நேரம் முடிந்ததும் மாணவர் நிறுத்திவிட்டு, நிறுத்திய இடத்தில் கோடு போட்டுப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி வரலாம் என்ற விதி வேண்டும். எத்தனை நோட்டுகளில் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதே ஆசிரியருக்கு மிகச் சிறந்த தகவல். எல்லாவற்றையும் திருத்தாமல், வாரம் ஒரு வேலையை மட்டும் ஆழமாகத் திருத்தி, மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும் எழுதலாம். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து வந்தால் மாணவர் மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கிறார், குறிப்பு மட்டும் வரும்போதுதான் அடுத்த வேலை மேம்படுகிறது என்று ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இலேயே காட்டியிருக்கிறார். மதிப்பெண் இல்லாத நோட்டைப் பார்த்துப் பதறாமல் இருப்பது இதில் பெற்றோரின் பங்கு. அது சிறிய பங்கன்று. பெற்றோரின் அச்சத்துக்கு அஞ்சியே பல ஆசிரியர்கள் தாங்கள் நம்பாத அளவுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தை, மாணவர்களின் நேரக் குறிப்பையும் ஒரு பக்க நிதி விவரத்தையும் மேசையில் வைத்துத் தொடங்குங்கள். முதலில் ஓர் ஆசிரியரைத் தம் ஒரு வாரத்தை விவரிக்கச் சொல்லுங்கள்; அடுத்து ஒரு மாணவரைப் பேச விடுங்கள்; அதற்குப் பிறகு பெற்றோர் பேசலாம். 'உங்கள் பிள்ளைகள் நேரத்தை வீணாக்குகிறார்கள்' என்றோ 'நீங்கள் திருத்துவதே இல்லை' என்றோ யாரும் தொடங்கிவிட்டால், தலைமை வகிப்பவர் பேச்சை அந்த 175 நோட்டுகளிடம் திருப்ப வேண்டும். முடிவாக மூன்று வரிகள் பதிவேட்டில் ஏறினால் போதும்: வகுப்புவாரியான இரவு வரம்பு, படிப்பகத்துக்கான தொகையும் அது எங்கிருந்து வருகிறது என்பதும், இரண்டு மாதம் கழித்து மீண்டும் ஒரு வாரம் நேரக் குறிப்பு எடுக்கப்படும் தேதி.

அந்த இரண்டாவது குறிப்பைக் கைவிட்டுவிடாதீர்கள். முதல் குறிப்பில் மூன்று மணி என்று எழுதிய மாணவர் இரண்டாவதில் இரண்டு மணி என்று எழுதினாரா, மிஞ்சிய ஒரு மணி நேரம் தூக்கத்துக்குப் போனதா, தனிப்பயிற்சிக்குப் போனதா என்பதை அதில்தான் பார்க்க முடியும். தனிப்பயிற்சிக்குப் போயிருந்தால், அதற்கடுத்த கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர்கள் பெற்றோர்தான்.